மாமா கடையில் நான் ஏற்றிய எழுத்துரு

குழு நண்பர்களுக்கு,

பாறசாலையில் மாமாவின் டிடிபி கடைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ், பெண் வீட்டாருக்கு மலையாளம். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் ‘மெமரி எரர்’ என்று காட்டி மென்பொருள் மூடிக்கொள்கிறது. இன்று ஆறு முறை.

“ஷீலா, நீ கீபோர்டுல என்னத்தயாக்கும் ஞெக்கினது?” என்று மாமா கத்தினார்.

“நான் ஒண்ணும் தொடல்ல அண்ணா,” என்றார் தட்டச்சு செய்யும் ஷீலா அக்கா.

“பின்ன பேயா தொட்டுது? நாளைக்கும் இப்பிடின்னா நீ வரண்டாம், வேற ஆளு உண்டு.”

அந்தக் கணினியில் ஒரு புதுத் தமிழ் எழுத்துருவைப் பிளாப்பியிலிருந்து ரகசியமாக ஏற்றியது நான்; பிழை அதனால்தான் என்று நினைத்தேன். பயத்தில் வாய் திறக்கவில்லை. மாமா தூங்கியதும் அதை நீக்கி, வேறொன்றை ஏற்றிப் பார்த்தேன். பிழை போகவில்லை.

வழி தெரிந்தவர்கள் காலைக்குள் பதில் எழுதுங்கள். ‘மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிடு’ என்பது எனக்கே தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.