பியானோவுக்குள் இரண்டு பிடி அரிசி

ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் நான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு ஃபாதரிடமே சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. கெடுத்தது என் பியானோ மிஸ்ஸின் கல்யாணத்தை.

மரக்காணத்தில் உப்பளத்து மேஸ்திரி மகள் பியானோ கற்றுக்கொண்டாள் என்றால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது. எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. நம் பெண் வாசிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். எனக்குப் பாட்டு வருமா வராதா என்று யாரும் கேட்கவில்லை. விரல் நீளமாக இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மிஸ் வீடு கூனிமேட்டுக்குப் போகிற வழியில், ஈ.சி.ஆர். ரோட்டோரம் இருந்தது. மிஸ்ஸுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். பி.காம். முடித்துவிட்டு வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பியானோவை அவருடைய தாத்தா பாண்டிச்சேரியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். உயரத்தில் அரை பீரோ, கனத்தில் நாலு பீரோ. பாடம் நடக்கும்போது மிஸ் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். சரியாக வாசித்தால் எனக்கும் ஒரு கடலை. தப்பு விட்டால் தோலை என் தலைமேல் எறிவார். வீட்டுக்குப் போனதும் அம்மா என் தலையைப் பார்த்தே அன்றைய பாடம் எப்படி என்று கண்டுபிடித்துவிடுவாள்.

பாடம் முடிந்தபின் மிஸ் தனக்காக வாசிப்பார். சென்னையில் எட்டாவது கிரேடு பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தார். அதில் பாஸானால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராகச் சேர்ந்துவிடலாம் என்று எங்களிடமே அடிக்கடி சொல்வார். அவர் வாசிக்கும்போது அப்பா டி.வி.எஸ். ஃபிப்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். அவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை இல்லை. மிஸ் வீட்டுப் பியானோவிலும் நடுவிலிருந்த நாலைந்து கட்டைகள் அமுக்கினால் அமுங்கினவைதான், எழுந்து வரமாட்டேன் என்றன. அந்த நேரம் பார்த்து மிஸ்ஸுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. அவருடைய அப்பா அவர்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். மருமகள் பியானோ வாசிப்பாள் என்றதும் அங்கே ஒரே சந்தோஷமாம். நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம், வாசித்துக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மிஸ்ஸின் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாண்டிச்சேரியில் பியானோ ரிப்பேர் செய்கிறவரோ மழை விட்டால்தான் வருவேன் என்றுவிட்டார்.

"உப்புக் காத்து, ஈரத்த இழுத்துக்கினு கட்டையெல்லாம் ஊதிப்போச்சு. வர்றவங்க முன்னாடி ஒட்டிக்கிச்சின்னா மானம் போயிடும்" என்று மிஸ்ஸின் அம்மா என்னை வைத்துக்கொண்டே புலம்பினார்.

உப்பு, ஈரம். இந்த இரண்டும் சேர்ந்து காதில் விழுந்ததும் எனக்கு மூளை வேலை செய்துவிட்டது. உப்பு ஈரம் இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மழைக்காலம் வந்தால் அம்மா உப்பு ஜாடிக்குள் ஒரு பிடி அரிசியைப் போட்டு வைப்பாள். அரிசி ஈரத்தைக் குடித்துவிடும், உப்பு பொலபொலவென்று இருக்கும். இவ்வளவு படித்த மிஸ்ஸுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்று பாவமாக இருந்தது.

அடுத்த வகுப்புக்கு டிபன் பாக்ஸில் ரேஷன் அரிசி கொண்டுபோனேன். ஜாடிக்கு ஒரு பிடி என்றால் பியானோவுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மிஸ் டீ போட உள்ளே போனதும் ஸ்டூலில் ஏறி, மேல் பலகையைத் தூக்கி, இரண்டு பிடியையும் உள்ளே போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்தபின் சொல்லி எல்லோரையும் அசத்தலாம் என்று இருந்தேன்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. ஒரு கட்டை எழுந்துவிட்டது. எல்லாம் நம் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பலகையில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். உள்ளேயிருந்து அவர் அம்மா என்ன சத்தம் என்று குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா, காத்து" என்றார் மிஸ். என் பக்கம் திரும்பி, "நீ வாசிடி" என்று கை நிறையக் கடலை கொடுத்தார். இத்தனைக்கும் அன்று நான் ஒன்றும் சரியாக வாசிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தது. கோயில் ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கொடுத்த அப்பாவோடு நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். மாப்பிள்ளை வரவில்லை, செல்போனில் வீடியோவில் இருந்தார். அவருடைய அம்மா போனைப் பியானோவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "பாருடா, நல்லாப் பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தார். மிஸ் வாசிக்க ஆரம்பித்தார். வலது பக்கத்துக் கட்டைகள் பாடின. இடது பக்கத்தில் உள்ளவை டொக், டொக் என்று மரத்தில் தட்டுகிற சத்தத்தை மட்டும் கொடுத்தன. மாப்பிள்ளையின் அப்பா புருவத்தைத் தூக்கினார். அப்போது பலகை இடுக்கிலிருந்து ஓர் எலி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. முதல் எலி நேராக அந்த அம்மாவின் பட்டுப் புடவையில் குதித்தது.

ஐயோ, அந்தக் கூச்சல்! அந்த அம்மா நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார். போன் தரையில் விழுந்து, "அம்மா? அம்மா? இன்னா ஆச்சு?" என்று குவைத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தது. மிஸ் மட்டும் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர்கள் காபியைக்கூடத் தொடவில்லை. "போய் போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள். அப்படிச் சொன்னால் முடிந்தது என்று அர்த்தம் என அம்மா அன்று சாயந்திரம் சொன்னாள்.

பின்னர் கீழ்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது எலிக்கூடும், கம்பியைத் தட்டுகிற சுத்திகளிலிருந்து கடித்துத் துப்பிய கம்பளித் துணியும், நாலு அரிசியும் இருந்ததாக அப்பா வந்து சொன்னார். அரிசியை எலிதான் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் பார்த்தாலும் அதே அரிசி.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் வந்தது. பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன் என்று வழக்கமானதையெல்லாம் முடித்துவிட்டு, பியானோவில் அரிசி போட்டேன் என்றேன். ஃபாதர், எதிலம்மா என்று இரண்டு தடவை கேட்டார். முழுக்கதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் இருமினார். அப்புறம், மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு, அந்த மிஸ்ஸிடமே போய் உண்மையைச் சொல் என்றார்.

மறுநாளே போனேன். மிஸ் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய கம்பளிச் சால்வையைத் துண்டு துண்டாக வெட்டிப் பியானோவின் சுத்திகளில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"எவ்ளோ போட்ட?"

"ரெண்டு பிடி, மிஸ்."

அவர் பசை பட்ட கையோடு என்னையே பார்த்தார்.

"ஏண்டி, இன்னும் ரெண்டு பிடி சேத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

எங்கள் வீட்டில் ஒரு தட்டை உடைத்தால், "இன்னொண்ணும் இருக்குது, அதையும் ஒட" என்பாள் அம்மா. அதற்குப் பிறகு முதுகில் ஒன்று விழும். அதனால் மிஸ் சொன்னது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கூப்பிடக் கூப்பிட ஓடிவந்துவிட்டேன். விரல் வலிக்கிறது என்று சொல்லி வகுப்பையும் நிறுத்திவிட்டேன். மிஸ் இரண்டு தடவை என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். திட்டு பாக்கி இருக்கிறது போல என்று நான் போகவில்லை. கோயிலில் பாட்டும் பழையபடியே ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜூன் மாதம் மிஸ் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சம்பந்தம் வராது என்ற அவமானத்தில்தான் ஊரை விட்டுப் போகிறார் என்று அன்று முழுக்க அழுதேன்.

போன வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு மேலே படிக்க ஆசை. அதை வீட்டில் வாய் திறந்து சொல்லவும் தைரியம் இல்லை. வந்தவர்கள் பலகாரம் தின்று கைகழுவிவிட்டு, போய் போன் பண்றோம் என்றார்கள். அம்மா முகம் செத்துவிட்டது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அந்த மூச்சோடுதான் மிஸ்ஸின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் ரெண்டு பிடி போட்டிருக்கக் கூடாதா என்று அன்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பலகையில் காதை வைத்து, அது எலி என்று தெரிந்தேதான் காற்று என்று சொல்லியிருக்கிறார். அன்று அந்த வீட்டில் அவர் பக்கம் நின்றது இரண்டு எலிகளும் நானும்தான். அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். அதைத் திட்டு என்று நினைத்துக்கொண்டு, ஈ.சி.ஆர். ரோடு முழுக்க அழுதுகொண்டே நான் வீடு வந்து சேர்ந்தேன்.