அப்பா மாற்றிய துவக்கு

லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் அடுத்த வீட்டு ஆங்கிலேயர் பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் குழுவொன்றைச் சேர்ந்தவர். உரிமத்துடன் வாங்கிய பழைய ரைபிளைச் சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் துவக்காக மாற்றுவதற்காக, இன்று காலை தமது தோட்டத்தில் அதன் குழலை உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வோசை என்னை இலங்கையில் எங்கள் வன்னிக்கு அழைத்துச் சென்றது.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் துவக்கின் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு கடைகளில் கிடைக்காமற் போன நேரம் பார்த்துப் பன்றிகள் கச்சான் கடலைத் தோட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டன. மீதியும் போனால் அவ்வருடம் எங்களுக்கு வேறு வழியில்லை. அப்பா அடுப்படியிலேயே துவக்கை அராவி, கேப்பில்லாமல் கல்லால் வெடிக்கும்படி மாற்றத் தொடங்கினார். இரும்புத்தூளும் தேங்காயெண்ணெயும் கலந்த மணம் சோற்றிலும் ஏறியது.

"கல்லாலேயோ வெடி வைக்கப் போறியள், அண்ணை? பன்றி சிரிச்சுத்தான் சாகும்" என்றார் சித்தப்பா.

"சாகத் தேவையில்லையடா. ஓடினால் காணும்."

வேலை முடிந்த அன்று மாலை பன்றிகள் இறங்கின. அப்பா விசையை இழுத்தார், வெடிக்கவில்லை. சித்தப்பா சிரித்தார். அப்பா நிதானமாகக் கல்லை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து மீண்டும் இழுத்தார். ஊரே அதிர்ந்தது, பன்றிகள் காடேறின. மீதிக் கச்சான் தப்பியது.

மறுவாரம் சித்தப்பா தம் துவக்கோடு எங்கள் வாசலில் நின்றார். "அண்ணை, இதையும் ஒருக்காப் பாருங்கோவன்."

"முதல் இழுப்பில் வெடிக்காவிட்டால் கல்லைத் துடையுங்கள்" என்று இன்று காலை வேலிக்கு மேலாக அடுத்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் வியந்து, யாரிடம் கேட்டறிந்தேன் என வினவினார். அப்பாவின் பெயரை, அவருடைய தகப்பனாரின் பெயரையும் சேர்த்து, முழுமையாகச் சொன்னேன்.