நாலாவது ஸ்லொட்டுக்கு முன்னால் தொங்கிய கேபிள்கள்

1. அரை மணித்தியாலம்

காலை 9.42. கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தின் மூன்றாம் மாடி. நெட்வேர்க் கருவிகளை அடுக்கும் ராக்கின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை நீலக் கேபிள்கள். மேலிருந்து கீழே ஒரே வரிசையாக, வாரிவிட்டதுபோலத் தொங்கின. விரலால் இரண்டை விலக்கிய பிறகுதான் பின்னால் இருந்த விளக்குத் தெரிந்தது. நாலாவது ஸ்லொட். சிவப்பு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மொடியூலர் ஸ்விட்ச் என்பது தட்டுத் தட்டாக இழுப்பறை வைத்த இரும்புப் பெட்டி. அங்கே இருந்ததில் நாலு ஸ்லொட். முதலாவதில் பெட்டியின் மூளை. மற்ற மூன்றிலும் ஈதர்நெட் மொடியூல், ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தெட்டு போர்ட், அதாவது கேபிள் செருகும் ஓட்டை. ஒரு மொடியூல் செத்தால் அதை மட்டும் உருவிவிட்டுப் புதியதைத் தள்ளலாம். பெட்டியை நிறுத்த வேண்டியதில்லை. செட்டிங் எல்லாம் ஸ்லொட்டின் பெயரில் மூளையில் இருக்கும். புதியது அதை எடுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்குரூ, இரண்டு லீவர், அவ்வளவுதான் வேலை.

வெள்ளவத்தையில் எங்கள் கம்பனியிலிருந்து புதிய மொடியூலை ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும். கீழே செக்யூரிட்டி என்னைப் பார்த்து, பெட்டியைப் பார்த்து, "லிஃப்ட் வெட நே, மிஸ்" என்றார். லிஃப்ட் வேலை செய்யாதாம். மூன்று மாடியும் படியில்தான் ஏறினேன்.

மேலே எனக்காகக் காத்து நின்றவர் பெர்னி அக்கா. ஏற்றுமதி ஆவணப் பகுதியின் பொறுப்பாளர். அவருடைய பகுதியின் பதினொரு கணினிகளும் ஸ்கேனரும் நாலாவது ஸ்லொட்டில்தான் இருந்தன. ஒன்பது பத்திலிருந்து எதுவுமே வேலை செய்யவில்லை.

"மிஸ், பன்னெண்டு மணிக்கு கட்-ஒஃப். ஏழு கொன்டெய்னர் இருக்கு. அதுக்குள்ள டொக்கியுமென்ட் போகாட்டி கப்பல்ல ஏத்த மாட்டாங்க. போன மாசம் ரெண்டு நிண்டு போனதுக்கே எனக்குக் கடிதம் தந்தவங்க. இந்த முறையும் நிண்டா என்னைக் கொண்டுபோய் ஃபைல் ரூம்ல இருத்திப் போடுவாங்க. விளங்குதா?"

"விளங்குது அக்கா. அரை மணித்தியாலத்தில முடிச்சுத் தாறன்."

ஸ்லொட்டின் முன்பக்கத்தை முழுதாகப் பார்க்கும் முன்னரே இதைச் சொல்லிவிட்டேன்.

2. சடை

அந்த ராக்கில் பட்ச் பனல் என்ற இடைப்பலகை கிடையாது. செலவைக் குறைக்க வாடிக்கையாளர் வேண்டாமென்றிருந்தார். ஒவ்வொரு மேசையிலிருந்தும் கேபிள் நேரே ஸ்விட்சுக்கு வந்தது. இரண்டாவது, மூன்றாவது ஸ்லொட்டுகளின் தொண்ணூற்றாறு கேபிள்களும் நாலாவதின் முகத்துக்கு முன்னால் இறங்கி, அதன் சொந்த நாற்பத்தெட்டோடு சேர்ந்து, நாலு அங்குலத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டையாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. பார்க்க மிக அழகு. நாலாவது மொடியூலை வெளியே இழுக்க ஒரு வழியும் இல்லை.

மேலிருந்த இரண்டு மொடியூல்களிலும் உயிர் இருந்தது. தொலைபேசிகள், கீழ்மாடி, கொன்டெய்னர் நிறுத்தும் ஒருகொடவத்தை யார்டின் வாசல் எல்லாம் அவற்றில்தான் ஓடின. அவற்றைக் கழற்ற முடியாது. நாலாவதின் கேபிள்களைக் கழற்றலாம். ஆனால் அதே ஓட்டைக்குத்தான் அதே கேபிள் திரும்பப் போக வேண்டும். இடம் மாறினால் ஸ்கேனர் தொலைபேசியின் பாதைக்குப் போய்விடும். எந்தக் கேபிள் எங்கே என்று சொல்ல லேபிள் இருக்க வேண்டும். தேடினேன். ராக்கின் அடியில், தூசிக்குள், பசை காய்ந்து உதிர்ந்த லேபிள்கள் குவிந்து கிடந்தன.

"மிஸ், என்ட ஃபோன்ல டேட்டா இருக்கு. அதுல போகேலாதா?" என்று பெர்னி அக்கா கேட்டார்.

முடியாது. ஆவணங்களை ஏற்கும் இணையத்தளம் அந்த அலுவலகத்தின் நிரந்தர இணைப்பிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். அவர் ஒருவருடைய கணினியை மட்டும் இழுபறிப்பட்டு வேறு இடத்தில் செருகலாம். ஆனால் ஏழு கொன்டெய்னருக்கு நாலு பேர் இருந்து தட்ட வேண்டும், ஸ்கேனரும் வேண்டும்.

பெர்னி அக்கா கேபிள் கட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இதக் கட்டின ஆளுக்கு வீட்டில அஞ்சாறு பொம்பளப் பிள்ளையள் இருந்திருக்கோணும். சடை பின்னிப் பின்னிப் பழகின கை."

"நான்தான் அக்கா கட்டினனான்" என்றேன். "எனக்கு ஒரே மகன்."

நாலு வருடங்களுக்கு முன் நான் இரண்டு நாள் இருந்து செய்த வேலை அது. டைகளுக்கு இடையிலான தூரத்தை அடிமட்டம் வைத்து அளந்தேன். லேபிள்களை முன்னால் ஒட்டினால் படத்தில் அசிங்கமாக விழும் என்று பின்பக்கமாகத் திருப்பி ஒட்டினேன். அந்தப் படம் எங்கள் அலுவலக வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிற வாடிக்கையாளர்களுக்கு முதலாளி அதைத்தான் காட்டுவார்.

அவரையே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சேர், கொட்டாஞ்சேனையில நிக்கிறன். கேபிள் மறிக்குது."

"அது எங்கட பெஸ்ட் ஜொப் அல்லோ! நில்லுங்கோ, படத்தை ஃபோன்ல எடுத்து அனுப்பிறன். பாத்துச் செய்யுங்கோ."

படம் வந்தது. மிகத் தெளிவான படம். லேபிள் ஒன்றுகூட அதில் தெரியவில்லை.

3. தாஸ் அண்ணனின் தோள்

வழி ஒன்றுதான் இருந்தது. டைகள் எல்லாவற்றையும் வெட்டி, மேலிரண்டு ஸ்லொட்டுகளின் கேபிள்களைத் திரைச்சீலைபோல ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் நான் மொடியூலை மாற்ற வேண்டும். பிடிக்கிறவர் அசையவே கூடாது.

அந்த அலுவலகத்தின் வார்ஃப் கிளார்க் தாஸ் அண்ணன். துறைமுகத்துக்கும் அலுவலகத்துக்குமாக நாள் முழுக்க ஓடுகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். கையெழுத்து வாங்க வந்தவரைப் பெர்னி அக்கா சட்டைக்கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"தாஸ், இதத் தூக்கிப் பிடிங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"மிஸ் சொல்லும் மட்டும்."

"சரி. இது விழுந்தா என்ன நடக்கும்?"

"யார்ட் வாசல் நிக்கும்" என்றேன்.

"அப்ப எனக்குத்தான் ஏச்சு விழும்" என்று சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்தார்.

நாலாவது ஸ்லொட்டின் கேபிள்கள் வரிசை மாறாமலிருக்க வழி சொன்னவரும் அவர்தான். பெட்டி ஒட்டுகிற அகலமான டேப் களஞ்சியத்தில் இருந்தது. கழற்றுவதற்கு முன்பே பன்னிரண்டு பன்னிரண்டாக, கேபிள்களுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் ஒட்டினேன். பிறகு கழற்றினால் வரிசை குலையாமல் சீப்பின் பற்கள்போல ஒன்றாக வரும். நாலு சீப்பு. ஒவ்வொன்றிலும் பெர்னி அக்கா பேனாவால் இலக்கம் போட்டார். டைகளை வெட்டி டேப் ஒட்டி முடிக்க 10.34.

ஆவணப் பகுதி ஆட்கள் கதவடியில் நின்று பார்த்தார்கள். கீழ்மாடியில் தொடர்பு போனால் உடனே சொல்வதற்காக ஒருவர் படிக்கட்டில் நின்றார்.

தாஸ் அண்ணனின் கைப்பேசி சட்டைப் பையில் அதிர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். கேபிள்களும் அவரோடு குனிந்தன. மூன்றாவது ஸ்லொட்டில் கிளிப் உடைந்திருந்த இரண்டு கேபிள்கள் கழன்று விழுந்தன.

"ஃபோன் செத்துப் போச்சாம்!" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஒருகொடவத்தையும் போச்சாம்!"

ஒன்று விழுந்தால் பிரச்சினை இல்லை. ஒரு ஓட்டைதான் காலியாக இருக்கும். இப்போது இரண்டு கேபிள், இரண்டு ஓட்டை. ஒரு விதமாகச் செருகினேன்.

"இன்னும் இல்லையாம்!"

மாற்றிச் செருகினேன்.

"வந்திட்டுதாம்!"

"தாஸ், இனி அந்த ஃபோன் எடுத்தீங்களோ, நான் அதத் தூக்கி மீன் சந்தைக்குள்ள எறிவன்" என்றார் பெர்னி அக்கா.

"அது உங்கட மனேஜர்தான் எடுக்கிறார்."

"அப்பிடியெண்டா ரெண்டு தரம் எறிவன்."

4. அரை அங்குலம்

மணிக்கட்டில் பட்டியைக் கட்டி அதன் கிளிப்பைப் பெட்டியின் உலோகத்தில் மாட்டினேன். நம் உடம்பின் நிலை மின்சாரம் மொடியூலுக்குள் பாயாமல் இருக்க இது வேண்டும். எத்தனை அவசரமானாலும் இதை விடக்கூடாது. நாலு சீப்பையும் கழற்றி ஓரமாக விட்டேன். இரண்டு ஸ்குரூவையும் தளர்த்தி, இரண்டு லீவரையும் ஒரே நேரத்தில் வெளியே விரித்தேன். பழைய மொடியூல் நழுவி வந்தது. புதியதை இரண்டு பக்கத் தடங்களிலும் பொருத்தி உள்ளே தள்ளினேன்.

சரியாகப் போனால் கடைசியில் பின்பக்கக் கொனெக்டர் பிடிப்பது கையில் தெரியும். அதன் பிறகு லீவர்கள் தாமாக மடிவதுபோல மடியும். இடது லீவர் மடிந்தது. வலது லீவர் பாதியில் நின்றது.

"தள்ளுங்க மிஸ்" என்றார் தாஸ் அண்ணன். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. "என்ட தோள் போகுது. நல்லா ஒரு இடி இடியுங்க."

அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை நீளும். எனக்கும் நீண்டது. தள்ளினால் பின்னால் உள்ள பின்கள் வளையும். வளைந்தால் மொடியூல் மட்டும் போகாது, பெட்டியின் முதுகும் போகும். அதன் பிறகு அன்றைக்குக் கப்பலைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை.

மெதுவாக வெளியே எடுத்தேன். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வலப்பக்கத் தடத்தில், நடுவில், வெள்ளையாக ஏதோ கிடந்தது. நான் வெட்டிய டையின் துண்டு. அரை அங்குலம் இருக்கும்.

விரல் எட்டவில்லை. என் பையிலிருந்த இடுக்கியும் எட்டவில்லை. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் இன்னும் உள்ளே போனது. கடைசியில் பெர்னி அக்கா பேனாவின் முனையில் டேப்பைப் பசை வெளியே வரச் சுற்றித் தந்தார். அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. இதற்கு மட்டும் ஒன்பது நிமிடம்.

இரண்டாம் முறை இரண்டு லீவரும் மடிந்தன. விளக்கு முதலில் செம்மஞ்சள். பிறகு பச்சை. நாலு சீப்பையும் இலக்கப்படி செருகி முடித்தபோது 11.05.

"இருக்கு! இருக்கு!" என்று உள்ளேயிருந்து கத்தினார்கள். பெர்னி அக்கா ஏற்கெனவே தன் மேசைக்கு ஓடியிருந்தார்.

5. அறிக்கை

பன்னிரண்டு மணிக்குள் ஆறு கொன்டெய்னரின் ஆவணங்கள் போய்விட்டன. ஏழாவதின் கடைசிப் பக்கம் ஸ்கேனரில் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது தளம் மூடியது. பெர்னி அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து தாஸ் அண்ணனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார்.

"ஃபைல் ரூம்ல ஃபேன் இருக்கா தாஸ்?"

"இருக்கு. சுத்தாது."

அவர்களுடைய மனேஜர் எழுத்தில் காரணம் கேட்டார். நான் சேரைக் கூப்பிட்டேன்.

"மொடியூல் ஃபெயிலியர் எண்டு எழுதுங்கோ. அது பொய் இல்லையே" என்றார்.

"மொடியூல் பதினொண்டு அஞ்சுக்குச் சரியாயிட்டுது சேர். அப்பிடி எழுதினா, மிச்ச அம்பத்தஞ்சு நிமிஷம் அந்த அக்கா என்ன செய்தவ எண்டுதான் கேப்பினம்."

"அதுக்கு எங்கட கம்பனியையோ எழுதிறது?"

"நாலு பக்கமும் யோசிச்சிட்டன். நான் கட்டினதைத்தானே எழுதப் போறன்."

"அந்தப் படத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்தார்.

அறிக்கையில் நேரங்களையும் காரணத்தையும் மட்டும் எழுதினேன். வந்தது 9.42. முடித்தது 11.05. மொத்தம் எண்பத்து மூன்று நிமிடம். கேபிள்கள் வழிவிட்டு, லேபிளோடு இருந்திருந்தால் முப்பது நிமிடத்தில் முடிந்திருக்கும். மிகுதி ஐம்பத்து மூன்று நிமிடமும் எங்கள் கம்பனி கேபிள் கட்டிய முறையால் போனது. கீழே கையொப்பமிட்டேன்.

இன்றைக்கு நான் ராக் கட்டும்போது ஒவ்வொரு மொடியூலின் கேபிள்களும் அதன் பக்கவாட்டிலேயே வெளியேறும். எந்த ஸ்லொட்டின் முகத்துக்கும் முன்னால் ஒன்றுகூடத் தொங்காது. பிளாஸ்டிக் டை கிடையாது. ஒட்டிப் பிரிக்கும் துணிப் பட்டிதான். லேபிள் பிளக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, முன்னால் பார்த்தபடி, கேபிளைச் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும். கட்டி முடித்ததும் படம் எடுப்பதில்லை. கடைசி ஸ்லொட் மொடியூலை ஒருதரம் வெளியே இழுத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். அது வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

ஏழாவது கொன்டெய்னர் அடுத்த கிழமைக் கப்பலில் போனது. ஆண்டு முடிவில் அந்த நிறுவனம் பராமரிப்பு வேலையை எங்களிடமிருந்து எடுத்து வேறொரு கம்பனிக்குக் கொடுத்தது. பெர்னி அக்கா ஆவணப் பகுதியில்தான் இருக்கிறார்.