முத்தக் காட்சிக்குத் தேநீர்

மச்சாள் ஒரு சட்டம் வைத்திருந்தார். படத்தில் முத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் நான் எழுந்து குசினிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் அதையெல்லாம் பார்க்கக் கூடாதாம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஷெல்லடிக்குப் பதுங்கு குழியில் கிடந்துவிட்டு வந்தவள். முத்தத்தைக் கண்டு பயப்படுகிறவளாகவா தெரிந்தேன்?

அது எண்பத்தாறாம் ஆண்டு. மச்சாள் என்றால், எனக்கு நிச்சயித்திருந்தவரின் அக்கா. மாப்பிள்ளை ஸ்பொன்சர் செய்து நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்திருந்தேன். மோர்னிங்சைட் பகுதியில் மச்சாளும் அவர் கணவரும் இருந்த அபார்ட்மென்டில் தங்கியிருந்தேன். மூன்று மாதத்துக்குள் கல்யாண எழுத்து, அதாவது பதிவு, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். விசா அப்படி.

மாப்பிள்ளை பக்கத்து வோபர்னில் நண்பர்களுடன் அறை எடுத்திருந்தார். ஞாயிறு மத்தியானம் வருவார், சாப்பிடுவார், சோபாவின் அந்த மூலையில் உட்கார்ந்து தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்க்கவே மாட்டார். "நான் ஓம் எண்டால் தம்பியும் ஓம்தான்" என்று மச்சாள் வேறு பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அவர் அக்காவுக்காகத்தான் தலையாட்டியிருக்கிறார். விருப்பமில்லாத மனுஷனைக் கட்டுவதா, ஷெல் விழுகிற ஊருக்குத் திரும்புவதா?

ஞாயிற்றுப் பொழுதைப் போக்க மச்சாள் தம்பியிடம் வீடியோ எடுத்துவரச் சொன்னார்.

"பழைய படமாக் கொண்டு வா தம்பி. கறுப்பு வெள்ளை, பாட்டு, டான்ஸ். அந்தக் காலத்துப் படத்திலை ஒரு கரைச்சலும் இராது."

பாவம், பழைய தமிழ்ப் படங்களை மனதில் வைத்துச் சொல்லிவிட்டார். தம்பி கொண்டுவந்த கசெற்றுகளோ ஹொலிவூட் படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தவை. கட்டின பெண்சாதி அடுத்தவனைப் பார்த்துக் கண்ணடிப்பாள். புருஷன் அவளுடைய சிநேகிதியோடு ஆடுவான். இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே பாடுவார்கள், இடையிடையே முத்தம். மச்சாளுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது, அதனால் கதை அவருடைய தணிக்கைக்குத் தப்பியது. முத்தத்துக்கு ஆங்கிலம் தேவையில்லையே.

"பிள்ளை, தேத்தண்ணி!"

முதல் இரண்டு ஞாயிறும் படத்துக்கு நாலு தரம் எழுந்து போனேன். திரையில் அந்த ஆண்கள் என்ன வாயடித்தார்கள்! இங்கே ஒருவர் காலுறையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் ஞாயிறு, திரையில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோதே அவர் எழுந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்."

அடுத்த நிமிஷம் முத்தம் வந்தது. மச்சாள் என்னைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, "பாத்தீங்களே, என்ரை தம்பி உதுக்கு முன்னமே எழும்பிப் போயிட்டான்" என்று தன் கணவரிடம் பெருமைப்பட்டார். நாங்கள் இருவரும் ஒரே குசினிக்குள் நிற்கப்போகிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கண் முழுக்கத் திரையில் இருந்தது.

குசினிக்குள் அவர் தம்பி வெறும் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெதியாச் சொல்லுறன். உமக்கு விருப்பம் இல்லாட்டி இப்பவே சொல்லும். எனக்குத்தான் வேண்டாம் எண்டு பழியை நான் எடுக்கிறன். நீர் திரும்பிப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு லோயரிட்டையும் கேட்டனான். உம்மை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம் எல்லோ?"

உண்மைதான். ஒருவரும் கேட்கவில்லை.

"உங்களுக்குத்தான் விருப்பமில்லை எண்டு நினைச்சன். நீங்கள் என்னைப் பாக்கிறதே இல்லை."

"அக்கா என்னையே பாத்துக்கொண்டிருக்கிறா. நான் எப்பிடி உம்மைப் பாக்கிறது?"

"முத்தம் வரப்போகுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"நேற்று அறையிலை போட்டுப் பாத்தனான்." கிளாசுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "முத்தம் கனக்க வாற படமாத் தேடித்தான் எடுத்தனான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாரக்கணக்காக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம் அப்படியே இறங்கிப் போனது.

"எனக்கு விருப்பம்தான்" என்றேன். "உங்களுக்கு?"

"உம்மடை போட்டோ வந்த நாளிலை இருந்து."

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. "பிள்ளை, முடிஞ்சுது, வா!" என்று மச்சாள் கூப்பிட்டார்.

கேத்தல் ஆவி தள்ளிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சுடுதண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டினேன். குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீர் பிடித்து, திரும்ப அடுப்பில் வைத்தேன்.

"இன்னும் கொதிக்கேல்லை மச்சாள்!"