கோர்ட்டில் ஒரு ப்ராக்ஸி

உதிர்ந்த வேப்பம்பூ வாசனையோடு வடைச்சட்டி எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும்... எங்கள் கல்லூரி கேட்டுக்கு எதிரே, டீக்கடை மரத்தடியில். எழுபதுகளின் கடைசி. பங்குனி வெயில் தார் ரோட்டின் மேல் நெளிந்துகொண்டிருக்கும். அந்த மரத்தடிதான் அப்போது எங்கள் ஆசிரியர் சங்கத்தின் ஆபீஸ்.

உள்ளே ஃபேன் போட்ட ஸ்டாஃப் ரூம் இருக்க, வெளியே எதற்கு என்று கேட்பீர்கள். கதிரேசன் சாரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். காம்பவுண்டுக்குள் அவர் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. "அவரு வர முடியாத எடத்துல நமக்கென்ன கூட்டம் வேண்டிக்கிடக்கு?" என்று சொல்லி, சங்கச் செயலாளர் தாமோதரன் சார் கூட்டத்தையே ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்.

கதிரேசன் சார் பொருளாதாரம் எடுப்பவர். கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், பரவையில் வாடகை வீடு. செய்த குற்றம்? கரெஸ்பாண்டெண்டின் சொந்தக்காரப் பையன் வகுப்புப் பக்கமே வராமல் அட்டெண்டன்ஸ் கேட்டான்.

"வராத பயல வந்தான்னு நான் எப்புடிப் போடுறது?" என்றார் சார்.

அம்புட்டுத்தான். ஒழுங்கீனம் என்று பெயர் வைத்து வெளியே நிறுத்திவிட்டார்கள். மனுஷன் அசரவில்லை, கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

கேஸ் அவர் பேரில். இதில் சங்கம் என்ன செய்வது? மரத்தடியில் பெரிய வாக்குவாதம். அவரோடு சேர்ந்து சுற்றுகிறவர்களுக்கும் இதே கதிதான் என்று மேனேஜ்மென்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு, கெமிஸ்ட்ரி மேடம். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

தாமோதரன் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாம வக்கீலும் இல்ல, ஜட்ஜும் இல்ல. ஆனா அந்த ஆளு கோர்ட்டுல ஒத்தையா நிக்கக் கூடாது. இதான் தீர்மானம்."

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வகுப்பு இல்லாதவர்கள் அவரோடு போவோம். வகுப்பு இருப்பவர்கள் லீவு போட்டுவிட்டு வருவார்கள்.

அந்தக் கோர்ட் வராண்டா... இப்போது நினைத்தால் கனவில் பார்த்த இடம் மாதிரிதான் இருக்கிறது. வாசலில் தூங்குமூஞ்சி மரம், தரையெல்லாம் ரோஸ் நிறப் பூ. உத்தரத்தில் புறா முனகும். எங்கோ ஒரு டைப்ரைட்டர் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருக்கும். பெஞ்சில் சாய்ந்தபடி பேப்பர் திருத்துவோம், கண் சொக்கும். யாரும் அதிகம் பேசமாட்டோம். பேசவும் என்ன இருக்கிறது?

அன்றைக்குக் குறுக்கு விசாரணை. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கேஸே தள்ளுபடி ஆகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் கோர்ட் ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டோம், சாரை மட்டும் காணோம்!

டவாலி வாசலில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ப்ரெசென்ட் சார்!"

திரும்பிப் பார்த்தால் தாமோதரன் சார், கையை வேறு தூக்கிக்கொண்டு நிற்கிறார்! போர்டில் எழுதிக்கொண்டே வராதவனுக்காகக் கடைசி பெஞ்சு கொடுக்கிற ப்ராக்ஸியைக் குரலை வைத்துப் பிடிக்கிற மனுஷன்!

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதான் கதிரேசனா?"

"இல்லைங்கய்யா... நான் தாமோதரன். பிசிக்ஸ்."

"பின்ன எதுக்குக் குரல் குடுத்தீங்க?"

"பழக்கதோசங்கய்யா. பேரைக் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலைன்னதும் மனசு கேக்கல... பரவையில இருந்து வாராருங்கய்யா, வந்துருவாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் "ஆள்மாறாட்டம்!" என்று துள்ளி எழுந்தார். போச்சு, கதிரேசன் சார் வேலையும் போச்சு, செயலாளருக்கு ஜெயிலும் ஆச்சு என்று நினைத்துக்கொண்டேன். எப்போது எழுந்தோம் என்றே தெரியவில்லை, நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தோம்.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் ஜட்ஜ்.

"அவர் கூட வேலை பாக்குறவங்க" என்றார் எங்கள் வக்கீல்.

ஜட்ஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எங்களை வரிசையாகப் பார்த்தார். "இன்னொரு தடவை இந்த மாதிரி செஞ்சா உள்ள போட்டுருவேன். உக்காருங்க. கேஸ் மத்தியானத்துக்கு."

அதற்கப்புறம்தான் கதிரேசன் சார் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து ஓடிவந்தார். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம், கூட்ஸ் வண்டி நகரவே இல்லையாம். நடந்ததைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏண்ணே, நான் எதுக்குண்ணே சஸ்பெண்டாகி நிக்கிறேன்? எனக்கே ப்ராக்ஸி குடுத்துட்டீகளேண்ணே!"

"திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டு மாப்ள. மொதல்ல போயி மூஞ்சியக் கழுவு."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பி, வெகுநேரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். அந்த வருஷமே சஸ்பென்ஷன் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

இப்போது ஸ்டாஃப் ரூமெல்லாம் ஏசி. சங்கம் போனுக்குள் இருக்கிறது. என்னிடம் படித்த செல்வி இன்று வேறொரு கல்லூரியில் பேராசிரியை. போன மாதம் அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், அவளும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். வாட்ஸப் குரூப்பில் ஒரே கும்பிடுகிற கையாம். எல்லோரும் கூடவே இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

"கூட யாரும்மா வந்தா?" என்று போனில் கேட்டேன்.

"யாரும் வரல மேடம். அவங்களுக்கும் வேலை இருக்கும்ல."

குறையாகக்கூடச் சொல்லவில்லை அந்தப் பெண். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த வாய்தா என்னைக்கு? நான் வாரேன்."

"நீங்க வந்து என்ன மேடம் செய்யப்போறீங்க? மாடி ஏறணும், உங்களுக்கு முழங்கால் வேற..."

"ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம் மெதுவாக, "காலையிலயே வந்துருங்க மேடம்" என்றாள்.