கோயிலாண்ட இருந்தவர்

கடைசி வரி

“அதுக்குக் கீழ?” என்றேன். படித்தாள். “அதுக்கும் கீழ?” அதையும் படித்தாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவனுக்கு, வந்தவருக்கு எல்லாமே சரியாகத் தெரிந்துவிடுவதைவிடப் பெரிய சங்கடம் கிடையாது. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் என் நிலைமை புரியும்.

பச்சையம்மாளின் முழங்கையில் கட்டு இருந்தது. அவள் கணவர் ஏழுமலை நைனார்பாளையத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். பழைய மொபெட்டைக் கொடுத்துவிட்டு, சத்தமே போடாத பேட்டரி வண்டி ஒன்று வாங்கியிருந்தார். அதில் வீடு திரும்பும்போது, தெருவில் நின்றிருந்த இவள் மேலேயே மோதிவிட்டார். முந்தின நாள் இருவருக்கும் பெரிய சண்டை. இவள் வேண்டுமென்றே ஒதுங்காமல் நின்றாள் என்ற சந்தேகம் அவர் மனதில் விழுந்துவிட்டது. அதை வெளியே சொல்லவும் முடியாமல் கண்ணைக் காட்ட அழைத்து வந்திருந்தார்.

“அவரு கோயிலாண்ட இருந்தாருங்க. அப்புறம் எம்மேல இருந்தாரு. நடுவுல வரவே இல்ல” என்றாள் அவள்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். “அரிசியில கெடக்கிற கல்லப் பொறுக்குறா சார். இத்தாம்பெரிய ஆளு வண்டியில வர்றது தெரியலயாம்.”

பாறையும் ஆடும்

அவர்களை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் ஆடு மேய்க்கும் சடையன், வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி நேராகக் கடைக்கு வந்திருந்தார். எங்களிடம் வாங்கிய கண்ணாடி சரியில்லை என்றார். “ஆடு பாறை மேல படுத்துக்கினா தெரியலீங்க. அதுவும் சொரசொரன்னு பழுப்பு, இதுவும் சொரசொரன்னு பழுப்பு. காத ஆட்டுனாத்தான் ஆடு.”

கண்ணாடியில் குறையில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவருக்குச் சொன்னேன். தோலின் சொரசொரப்பும் பாறையின் சொரசொரப்பும் ஒன்றுபோல இருந்தால் மூளையால் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை. அதில் ஒரு துண்டு மட்டும் அசைந்தால் உடனே அது தனியாகப் பிரிந்து ஆடாகிவிடுகிறது. சொரசொரப்பைப் பார்ப்பது ஒரு வேலை, அசைவைப் பார்ப்பது வேறு வேலை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பார்வை பெஞ்சுக்குப் போனது.

சடையன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அப்ப இத நீங்களே வெச்சுக்குங்க. ஆட்டுக் கழுத்துல மணி கட்டிக்கிறேன், போதும்.”

விரல்

பச்சையம்மாளை மறுபடி உட்காரவைத்து, அவள் முகத்துக்கு எதிரே என் விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினேன். எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். “போவலியே. இங்க இருந்துது. இப்ப அங்க இருக்குது.” சில மாதம் முன்பு தலை சுற்றி விழுந்ததையும் அப்போதுதான் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூளையின் பின்பக்கம் ரத்த ஓட்டம் தடைபட்டு, அசைவைப் பிடிக்கிற இடம் இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது என்று அங்கே சொன்னார்கள். எழுத்தைப் படிக்கிற இடமும், அரிசியையும் கல்லையும் பிரிக்கிற இடமும் வேறு; அவை நன்றாக இருந்தன. இதற்குக் கண்ணாடி கிடையாது.

அவர்கள் திரும்பி வந்தபோது ஏழுமலைக்கு இதைப் பொறுமையாக விளக்கினேன். “அப்ப மொபெட்டு வந்தா மட்டும் ஒதுங்குனாளே?” என்றார்.

“அது கத்திக்கினு வரும். காதால பாத்துக்குவேன்” என்றாள்.

ஏழுமலை அவள் பக்கம் திரும்பினார். நான் அங்கே இருப்பதை மறந்தவர்போல அவளிடம் கேட்டார். “அன்னிக்கி நீ சாவுறதுக்கு நிக்கலியா?”

“சாவப் போறவ உலை வெச்சிட்டா வருவா? போய்யா.”

ஏழுமலையின் கண்

பிறகு ஒரு நாள் ஏழுமலை தன் கண்ணைக் காட்ட வந்தார். பச்சையம்மாளும் கூட வந்தாள். எழுத்து அட்டையின் நடுவிலேயே அவர் திணறினார். பின்னாலிருந்து அவள் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்தாள். “சும்மா இரு. எனக்கே தெரியுது” என்றார்.

கடைசி வரிவரை படித்தவளுக்கு ஒன்றும் தர முடியாமல், பாதியில் நின்றவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். எங்கள் தொழில் இவ்வளவுதான்.

தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு ஏழுமலை கடையை நோக்கி வந்தார். கைப்பிடியில் கட்டியிருந்த ஆட்டு மணி குலுங்கியது. பச்சையம்மாள் படியிலிருந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள்.