தனுஷ்கோடியிலிருந்து சூரிச் வரை

ஐம்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் மாதம். தனுஷ்கோடியில் தலைமன்னார் கப்பல் ஏறினேன். கொழும்பில் எங்களுக்குக் கடை உண்டு. ஆனால் அது வியாபாரப் பயணம் அல்ல.

லண்டனில் படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகனுக்குக் காசநோய். அவனைச் சுவிட்சர்லாந்தில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று சொல்லி, சூரிச் நகருக்கு விமானத்தில் அனுப்புவதாக லண்டன் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். ஐந்நூறு மைல், ஏறக்குறைய இரண்டு மணி நேரமாம். பழுதான நுரையீரல் அந்த உயரத்தைத் தாங்குமா என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவன் சூரிச்சில் இறங்கியதும் தந்தி கொழும்புக் கடைக்குத்தான் வரும். ஊரில், கீழக்கரையில், உட்கார்ந்திருக்க முடியாமல் கிளம்பிவிட்டேன். லண்டனில் காலை பத்து மணிக்கு விமானம். இங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. கப்பல் புறப்பட்டதும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒருவர் என்னையே பார்த்தார். அபிராமத்துக்காரர், கண்டியில் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது.

“என்ன பாய், கப்பல நீங்கதான் இழுத்துட்டுப் போற மாதிரி கம்பியப் புடிச்சிருக்கிய?”

எப்படியோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ரெண்டு மணி நேரந்தான? நம்ம கப்பலுக்கும் அம்புட்டுத்தான். வாங்க, பிள்ளை கூடவே நம்மளும் போவோம்” என்றார்.

கரை விலகியதும், “ஏறிட்டான். மொதல்ல அங்கன என்ன வரும்?” என்றார்.

பள்ளியில் படித்த பூகோளத்தைத் துழாவி, “கடல்” என்றேன்.

“பெருசா?”

“இந்தக் கடல் அளவுதான்.”

“அப்ப நம்மளுக்கு முன்னாடியே தாண்டிருவான். பெறகு?”

பிரான்ஸ் நாட்டு வயல்கள் என்றேன். அதற்குள் ஓர் அலை வந்து கப்பலைச் சாய்த்தது. என் முகம் வெளுத்திருக்க வேண்டும்.

“அங்கனயும் ஒரு குலுக்குக் குலுக்கும் பாய். எந்திரிக்காம உக்காரச் சொல்லுங்க.”

“எந்திரிக்காத வாப்பா” என்று நான் வாய்விட்டே மகனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வயல்களுக்குப் பிறகு மலைகளையும் தாண்டினோம். தலைமன்னார் தெரிந்ததும் அவர் என் தோளைத் தட்டினார். “எறங்கிட்டான்.” அடுத்த நொடி கம்பிக்கு மேல் குனிந்து குடல் புரள வாந்தி எடுத்தார். பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

“எப்பவும் கீழ போயி கண்ண மூடிப் படுத்துருவேன். இன்னிக்குத்தான் கடல முழுசாப் பாத்தேன், போங்க” என்று வாயைத் துடைத்துக்கொண்டார். இறங்கி ரயில் ஏறும் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கொழும்பில் தந்தி காத்திருந்தது. லண்டனில் பனிமூட்டம், விமானம் கிளம்பவில்லை, இன்று அதே நேரத்துக்குப் புறப்படும். நாங்கள் கடல் தாண்ட வைத்த நேரமெல்லாம் என் மகன் தரையில்தான் இருந்திருக்கிறான்!

அன்று மூன்றரை மணிக்கு, கடைப் பையனை அனுப்பாமல் நானே போய் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடல், வயல், மலை என்று இன்னொரு முறை போனேன், இந்தத் தடவை தனியாக. இரவு வந்த தந்தியில் மகன் பத்திரமாக இறங்கியிருந்தான்.

அவன் தேறி ஊர் திரும்பிவிட்டான். ஆனாலும் தலைக்கு மேல் விமானம் போனால் இன்றும் அது மறையும்வரை நின்று பார்க்கிறேன். அப்போதெல்லாம், என் மகன் இறங்கும்வரை கீழே போய்ப் படுக்காமல் நின்ற அந்த மனிதரைத்தான் பக்கத்தில் தேடுகிறேன்.